ஆறு சென்ட்டும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் எங்களுக்கு 6 சென்ட் மனை இருக்கிறது. 2013-இல் வாங்கினோம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை என்று சொல்லித்தான் விற்றார்கள். நாங்கள் கூலிக்கு நெசவு செய்கிறவர்கள். எட்டுத் தறி, வாடகைக் கூடத்தில் ஓடுகிறது. கீழே தறிக்கூடம், மேலே வீடு என்று கட்ட ஆசை. சுயசான்று முறையில் உடனே அனுமதி வந்துவிடும், பொறியாளரே வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. ‘ஊருக்குள் யார் அக்கா அனுமதி வாங்கிக் கட்டுகிறார்கள், வீட்டு வரி ரசீது போட்டால் போதும்’ என்கிறான் என் தம்பி. யார் பேச்சைக் கேட்பது? சொந்த மனையில் ஒரு குடும்பம் குடியிருக்க வீடு கட்டுவதற்கு அனுமதி என்ற ஒன்றே எதற்கு?

பதில்: அம்மணி, முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 6 சென்ட் என்றால் 2,613 சதுர அடிக்குச் சற்று மேலே. விதிப்படி கட்டுகிறேன் என்று மனைக்காரரே கையெழுத்திட்டு இணையத்தில் உடனே அனுமதி வாங்குவதுதான் சுயசான்று. 2024 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்த அந்தத் திட்டத்தில் மனையின் உச்ச வரம்பு 2,500 சதுர அடி. ஒரு சமையலறை அளவு நிலம் கூடிப்போனதால் உங்கள் மனை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவர் சதுர அடியில் கேட்டதைச் சென்ட்டில் நினைவு வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு மனை என்றால் கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. வரம்பு 2,500 என்றால் ஒரு கிரவுண்டுக்காரர் நிம்மதியாக உள்ளே வந்துவிடுவார். நம் கொங்குப் பக்கத்தில் ஐந்து, ஆறு, பத்து என்று சென்ட்டில் பிரித்து விற்பதுதான் வழக்கம். ஐந்தரைச் சென்ட்காரர் உள்ளே. பக்கத்து மனையின் ஆறு சென்ட்காரர் வெளியே. இருவர் கட்டப்போவதும் ஒரே அளவு வீடு. இந்தக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெளியே நிற்பதால் குடி முழுகிப் போய்விடவில்லை. கட்டடப் பரப்பு 10,000 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குச் சாதாரண வழியில் உங்கள் ஊராட்சியே அனுமதி தரலாம். அதுவும் இணையத்தில் ஒற்றைச் சாளர முறையில்தான். அங்கே வரைபடத்தை ஒருவர் பார்ப்பார், கேள்வி கேட்பார், சில வாரங்கள் கூடுதலாகும். சுயசான்று முறையில் பரிசீலனைக் கட்டணம் இல்லை, உட்கட்டமைப்புக் கட்டணம் இல்லை, கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. சாதாரண வழியில் செலவு கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

அதற்காக அரை சென்ட்டைத் தம்பி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதி, மீதியை 2,500-க்குள் காட்டலாமா என்று உங்கள் ஊரில் யாராவது யோசனை சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள், நம் ஊரில் அப்படிப்பட்ட மூளைக்குப் பஞ்சமே இல்லை. செய்யாதீர்கள். மனையை இரண்டாகப் பிரிப்பதற்கே தனி அனுமதி வேண்டும். ஒரு சிக்கலில் இருந்து தப்ப இரண்டு சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

இன்னொன்று. பத்திரத்தில் 6 சென்ட் இருப்பதால் தரையிலும் 6 சென்ட் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மனை பிரித்தபோது கயிறு பிடித்தவர் அவசரத்தில் பிடித்திருப்பார். பாதைக்கு ஓர் அடி போயிருக்கும். பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு கட்டும்போது உங்கள் கல்லைக் கொஞ்சம் ‘ஒதுக்கி’ வைத்திருப்பார். பத்திரம், பட்டா, தரை என்று மூன்று அளவுகளை எடுத்து, எது குறைவோ அதை வைத்துத்தான் நான் வரைபடம் போடுவது வழக்கம். இந்த மூன்றும் ஒன்றாக இருந்த மனைகள் என் தொழிலில் மிகக் குறைவு.

அடுத்தது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’. இந்தச் சொல்லை வைத்து நம் மாவட்டங்களில் எத்தனை ஏக்கர் சோளக்காடு மனையானது என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. ஒரு நிலத்தை மனைப்பிரிவாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தலைவர் ஒரு தாளில் முத்திரை வைத்தால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகிவிடாது. ஆனால் பல ஆண்டுகள் அந்த முத்திரையை நம்பியே பத்திரங்கள் பதிவாகின. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. 2017-இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு அதில் வழி உண்டு. உங்கள் பத்திரம் 2013 ஆண்டுடையது என்பதால் தேதி உங்கள் பக்கம் இருக்கிறது.

தேதி மட்டும் போதாது. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கட்டமைப்பு ஒப்புதல் வர வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் மனைக்குத் தனியாக வரன்முறை ஆணை. மனைப்பிரிவில் யாராவது ஒருவர் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. எனவே பக்கத்து மனைகளில் 2017-க்குப் பிறகு முறைப்படி வீடு கட்டியவர் யாரேனும் இருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரிடம் இருக்கும் ஆணையின் நகலைக் கேளுங்கள். அலுவலகத்தில் நான்கு நாள் அலைந்து தெரிந்துகொள்வதை ஒரு டம்ளர் காபியில் தெரிந்துகொள்ளலாம். வரன்முறைக்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். வரன்முறை ஆணை இல்லாமல் சுயசான்றும் இல்லை, சாதாரண அனுமதியும் இல்லை.

இனித் தறி. சுயசான்றுத் திட்டம் குடியிருப்புக்கு மட்டும். தரைத்தளம், அதற்கு மேல் ஒரு தளம், மொத்தக் கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள். வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே எட்டுத் தறியை இறக்கினால் நீங்கள் போட்ட கையெழுத்தே உங்களுக்கு எதிர்சாட்சி.

ஆனால் விதியைத் தள்ளி வைத்துவிட்டே கேட்கிறேன்: தறிக்கு மேல் படுத்து யார் உறங்குவது? ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா மோதும் அடியும், அந்த நூலை நெருக்கும் பண்ணை வந்து விழும் அடியும் நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல். எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்த அதிர்வு தரையோடு நிற்காது; தூணைப் பிடித்து மேலே ஏறும். இரண்டு ஆண்டில் மேல் வீட்டுச் சுவரில் மயிரிழை வெடிப்பு வரும், பூச்சு உதிரும், குளியலறை டைல்ஸ் இணைப்பில் நீர் கசியும். அப்போது மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை. தறிக்கூடம் தனியாக, வீட்டு அஸ்திவாரத்தோடு ஒட்டாமல், தனித் தரையோடு இருக்க வேண்டும். சோமனூர், பல்லடம் வட்டாரத்துப் பழைய ஆட்கள் தறிக்கூடத்தைத் தனிக் கொட்டகையாகப் போட்டது ஏதோ தெரியாத்தனத்தால் அல்ல.

மின் இணைப்பையும் நினையுங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். வீட்டுக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு, தனித்தனி மீட்டர். கட்டட அனுமதியில் தறி என்ற பேச்சே இல்லாவிட்டால், நாளைக்கு அந்தத் தறி இணைப்புக்கு எந்தத் தாளை நீட்டுவீர்கள்? என் யோசனை, தறி வாடகைக் கூடத்திலேயே ஓடட்டும். 6 சென்ட்டில் வீடு மட்டும் கட்டுங்கள். தறிக்கு என்று தனியாக ஓர் இடம் அமையும்போது அதற்கு உரிய அனுமதியோடு போடலாம். இது உங்கள் காதுக்கு இனிக்காது என்று தெரியும்.

தம்பி சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: ஊருக்குள் பலர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், அம்மோனியா வாடை அடிக்கும் அச்சு வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்த காலத்தில், கோபி பக்கம் ஓர் ஆசிரியருக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். விண்ணப்பித்த ஏழாம் மாதம் அனுமதி வந்தது. ஐந்தாம் மாதமே அவர் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார். அனுமதித் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ‘இதை வைத்து என்ன செய்ய, பரண் மேல் போட்டு வையுங்கள்’ என்றார் அவர் மனைவி. அனுமதியை யாரும் மதிக்காமல் போனதற்கு அந்தத் தாமதமே பாதிக் காரணம். தம்பியின் பேச்சு அந்தக் காலத்தின் பேச்சு.

காலம் மாறிவிட்டது. வீட்டு வரி ரசீது நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்குச் சான்று. முறைப்படி கட்டினீர்கள் என்பதற்கு அல்ல. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு மீரட் வழக்கில் தீர்ப்பு சொன்னது. குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய மனையில் கடைகளைக் கட்டிவிட்டார்கள், பல ஆண்டு போனது, அதிகாரிகளும் சும்மா இருந்தார்கள் என்பது வழக்கு. எத்தனை ஆண்டு போனாலும், எத்தனை பணம் போட்டிருந்தாலும், அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் விதியை மீறிய கட்டடம் முறையானதாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். வங்கிகள் கட்டட நிறைவுச் சான்று பார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வங்கிக் கடன் வாங்கப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கப் போகிறீர்கள் என்றால் தம்பியின் வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

இனி, அனுமதி என்ற ஒன்றே எதற்கு என்ற கேள்வி. இதை என்னிடம் முப்பது ஆண்டாகப் பலர் கேட்டிருக்கிறார்கள்; பெரும்பாலும் கோபத்தில். நம் பாட்டனார்கள் தோட்டத்தில் சாளை, அதாவது குடிசை, போட்டபோது யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த சாளை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இவர்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் இவர்கள் காட்டிலேயே விழுந்தது, இவர்கள் அடுப்புப் புகை இவர்கள் தென்னைக்கே போனது. 6 சென்ட்டில் அப்படி இல்லை. உங்கள் சன்னல் திறந்தால் அடுத்தவர் சுவர், உங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குப் பத்தடியில் அவர் ஆழ்குழாய். அனுமதியில் கேட்கிற பெரும்பாலான கேள்விகள் உங்கள் வீட்டைப் பற்றியவை அல்ல, பக்கத்து வீட்டைப் பற்றியவை. பக்கவாட்டில் எவ்வளவு விட்டாய், தெருவுக்கு எவ்வளவு விட்டாய், மழைநீர் எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் உயிரைப் பற்றிய கேள்வியை அனுமதி முறை கேட்பதே இல்லை. தூணில் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எத்தனை ஆழம், உங்கள் மண் கரிசலா செம்மண்ணா என்பதைச் சிறு வீட்டுக்கு யாரும் பார்ப்பதில்லை. பழைய முறையிலும் பார்த்ததில்லை, சுயசான்றிலும் இல்லை. 1900 பிப்ரவரியில் கோவையை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அதை நினைவில் வைத்துக் கம்பி கட்டும் மேஸ்திரியை நான் இன்னும் பார்க்கவில்லை. கரிசல் நிலம் கோடையில் வெடித்து மழையில் ஊதும். அதில் மூன்றடிக் கருங்கல் கட்டு போட்டுவிட்டு மாடி எழுப்பினால் சுவர் தானே பேசும். சீர்திருத்தம் என்று வரும்போது காகிதத்தைக் குறைத்ததோடு நிற்காமல் இந்த ஒரு கேள்வியையாவது சேர்த்திருக்கலாம் என்பது என் நெடுநாள் குறை.

மற்றபடி இந்தச் சீர்திருத்தத்தை நான் வரவேற்கிறவன். தெலங்கானாவில் 2020-லேயே சட்டம் போட்டு, 75 சதுர கஜம் வரையிலான மனையில், அதாவது நம் ஒன்றரைச் சென்ட்டில், 7 மீட்டர் உயரத்துக்குள் வீடு கட்ட அனுமதியே வேண்டாம், ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றார்கள். 500 சதுர மீட்டர் மனை வரை சுயசான்றில் உடனடி அனுமதி. 500 சதுர மீட்டர் என்றால் பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். நீங்கள் அங்கே இருந்திருந்தால் உங்கள் 6 சென்ட் எளிதாக உள்ளே போயிருக்கும். அதே சட்டம், பொய்ச் சான்று கொடுத்துக் கட்டினால் அறிவிப்பே இல்லாமல் இடிக்கலாம் என்றும் சொல்கிறது. வாசலை அகலமாகத் திறந்து வைத்து, உள்ளே தடியோடு நிற்கிறார்கள். நம் வரம்பையும் 3,000 சதுர அடிக்காவது உயர்த்தினால் கொங்கு மண்டலத்து ஆறு சென்ட்காரர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் உண்மையான தாமதம் அனுமதியில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பது என் அனுபவம். கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகாத புல எண், முத்திரை மட்டும் உள்ள மனைப்பிரிவு. இவற்றைச் சரி செய்ய ஓராண்டு அலைந்தவருக்கு ஒரு நிமிடத்தில் அனுமதி தருவது நல்லதுதான். அந்த ஓராண்டு?

கடைசியாக, மேஸ்திரி சொன்ன ‘பொறியாளரே வேண்டாம்’. அனுமதித் தாளுக்காக என்றால் என்னைப் போன்றவர்கள் வேண்டாமலேயே போகட்டும். ஆனால் முன்பு விதியை மீறினால் வரைபடத்தைப் பார்த்த அதிகாரி ஒருவராவது கேட்பார். சுயசான்றில் அந்த இடத்தில் அமர்ந்திருப்பது நீங்கள். சரியாக விட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். தவறினால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். சென்ற ஆண்டு சூலூர் வட்டத்தில் ஒருவர், ஐந்து சென்ட் மனை, சுயசான்றில் அனுமதி வாங்கினார். வரைபடம் ஒழுங்கு. முகூர்த்தக்கால் நட்ட அன்று வந்த வாஸ்துக்காரர், ஈசானிய மூலையில் இடம் அதிகம் வேண்டும், கன்னி மூலைப் பக்கம் நெருக்கிக் கட்டு என்றார். மேஸ்திரி வீட்டை அப்படியே இரண்டடி மேற்கே தள்ளினார். வரைபடம் மாறவில்லை, வீடு மாறிவிட்டது. லிண்டல் மட்டம் வந்தபோது மேற்கு மனைக்காரர் மனு கொடுத்தார். என்னைக் கூப்பிட்டது அதன் பிறகு. மேற்குச் சுவரை இடித்துவிட்டு மறுபடி எழுப்புவதைத் தவிர நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இடிக்கக் கூலி, கட்டக் கூலி, இரண்டு மாதம் வாடகை.

வாஸ்து பாருங்கள், நான் தடுக்கவில்லை. கோடு போடும் முன்பே பார்த்துவிடுங்கள். கல் நட்ட பிறகு வேண்டாம். வரைபடத்தைத் தரையில் கயிறு கட்டிக் குறிக்கும் நாளில் ஒரு பொறியாளர் அங்கே நிற்கட்டும். அஸ்திவாரக் குழி எடுத்ததும் ஒருமுறை, தூணுக்குக் கம்பி கட்டியதும் ஒருமுறை, தளம் போடும் முன் ஒருமுறை. அந்த நான்கு வருகைக்குக் கொடுக்கும் பணம், நீங்கள் முகப்பில் ஒட்டப்போகும் டைல்ஸ் விலையைத் தாண்டாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். 2013 பத்திரம், இப்போதைய பட்டா, எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் மூன்றின் நகலையும் எடுத்துக்கொண்டு, ஒரு நில அளவையரை அழைத்து மனையை அளந்துவிடுங்கள். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால் மாற்றத்துக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். அளக்கிற அன்று பக்கத்து மனைக்காரர்களையும் கூட வந்து நிற்கச் சொல்லுங்கள். மூலைக்கல் மண்ணுக்குள் புதைந்திருக்கும், கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுபோக மறக்க வேண்டாம்.